பிஸ்டனும் ராடும்: பொருத்தம் பார்த்தாச்சா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பழைய கார் இஞ்சினுக்குள் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேர்த்து வைக்க நாலு பொருத்தமாவது பார்க்க வேண்டும். இதற்கு அமெரிக்காவின் ஷெவ்ரலே 350 நல்ல உதாரணம். 1967 கமாரோவில் அறிமுகமான இந்த வி-8 இஞ்சினுக்கு வெளிக் கம்பெனிகள் செய்யும் பிஸ்டனும் ராடும் விதவிதமாகக் கிடைக்கின்றன. வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான்!

முதல் பொருத்தம், உயரம். கிராங்க் ஷாஃப்டின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை 9.025 அங்குலம். ஸ்ட்ரோக்கில் பாதி 1.74, ராடின் நீளம் 5.7, பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 1.56. கூட்டிப் பாருங்கள், 9.00 வரும். அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல்தளத்துக்கு 0.025 அங்குலம் கீழே நிற்கும். கம்பெனி போட்ட கணக்கு இது.

இப்போது பலரும் விரும்பி வாங்குவது 6 அங்குல ராட். ராட் நீண்டால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துவது குறையும். ஆனால் அதற்கு 1.26 உயரப் பிஸ்டன் வேண்டும். பழைய 1.56 பிஸ்டனையே போட்டால் அது கால் அங்குலத்துக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஹெட்டை மாட்டவே முடியாது. பரவாயில்லை, தப்பு மேஜை மேலேயே தெரிந்துவிடுகிறது.

இதைத் தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. 5.7 ராடில் 1.26 பிஸ்டன். எல்லாம் அழகாக மாட்டிவிடும், கையால் சுற்றினால் சுற்றும். ஆனால் பிஸ்டன் 0.3 அங்குலம் கூடுதலாகக் கீழே நிற்பதால், 10:1 இருக்க வேண்டிய கம்ப்ரஷன் ஏறக்குறைய 6:1 ஆகிவிடும். வண்டி ஓடும், இழுக்காது. பாவம், கார்புரேட்டர் திட்டு வாங்கும்!

இரண்டாவது, பின். ஷெவ்ரலே போட்ட ராடில் பின் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். புஷ் போட்ட ராடில் பின் சுதந்திரமாகச் சுற்றும், அது நகராமல் இருக்கப் பிஸ்டனில் லாக் வேண்டும். லாக்குக்குப் பள்ளமே இல்லாத பிஸ்டனை இந்த ராடோடு சேர்த்தால், பின் மெல்ல வெளியே நகர்ந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும்.

மூன்றாவது, எடை. 6000 ஆர்பிஎம்மில், உச்சியில் திரும்பும் நொடியில், பிஸ்டனில் கூடுதலாக உள்ள ஒவ்வொரு 100 கிராமும் ராடைச் சுமார் 230 கிலோ விசையோடு இழுக்கும். எட்டுப் பிஸ்டனும் ஒரே எடையில் இருக்க வேண்டும், ராடின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக எடை போட வேண்டும், அந்தக் கணக்குக்குக் கிராங்கையும் பேலன்ஸ் செய்ய வேண்டும். கூடவே ராட் போல்ட்டும் நல்லதாக இருக்க வேண்டும். ராட் உடைந்தால் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நான்காவது, இடைவெளி. ஃபோர்ஜ்டு பிஸ்டனிலேயே 2618 அலாய் சூட்டில் அதிகம் விரியும், சிலிகான் கூடுதலாக உள்ள 4032 குறைவாக விரியும். எந்தப் பிஸ்டன் என்று தெரியாமல் சிலிண்டரை எந்த அளவுக்குக் கடைவது?

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பிஸ்டன் போனால் வேறு வாங்கலாம், ராடும் அப்படியே. 1969 கமாரோவின் பிளாக்கில் அந்த வண்டி எண்ணின் ஒரு பகுதி பொறித்திருக்கும். அந்த வண்டிக்கு அந்த பிளாக் ஒன்றுதான். அது போனால் வேறு பிளாக்கில் வண்டி ஓடும், ஆனால் பிறந்தபோது இருந்த இஞ்சின் இல்லாத வண்டியாகிவிடும், விலையும் இறங்கிவிடும். சுவர் கெட்டால் லைனர் போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது.

பலர் செய்வது, முதலில் பிளாக்கைப் போர் போடக் கொடுத்துவிட்டு, அப்புறம் மலிவாகக் கிடைத்த பிஸ்டனை ஒரு இடத்திலும் ராடை இன்னொரு இடத்திலும் வாங்குவது. வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். பாகங்கள் முதலில் வரட்டும். பெட்டி மேல் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரை எடுத்து அளக்க வேண்டும். பிளாக்கின் உயரத்தையும் அளக்க வேண்டும், 50 வருடத்தில் யாராவது மேல்தளத்தைச் சீவியிருக்கலாம். கடைசல் மெஷினில் பிளாக்கை ஏற்றுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.