வேஷம் போட்ட எழுத்துக்கள்

ஓலைச் சுவடிக்கு எதிரி கறையான். காகிதத்துக்கு எதிரி ஈரம். கம்ப்யூட்டரில் எழுதிய தமிழுக்கு எதிரி யார் தெரியுமா? இன்னொரு கம்ப்யூட்டர்தான்!

காலமாகிவிட்ட என் நண்பர் ஒருவர் 1998-இல் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு நாவல் எழுதி முடித்தார். அது அச்சேறவில்லை. சென்ற ஆண்டு அவருடைய மகள் அந்தக் கோப்பைத் தன் ஆப்பிள் மாக்கில் திறந்திருக்கிறாள். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்! ஒரு வரி தமிழ் இல்லை. "மாமா, அப்பா கடைசியில் இதையா எழுதிக்கொண்டிருந்தார்?" என்று கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது.

நண்பருக்கு ஒரு கோளாறும் இல்லை. அவர் எழுதியது பாமினி எழுத்துருவில். அதிலே 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் விழுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. திரையில் அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டுவது எழுத்துரு. வேஷப் பெட்டி பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. புதிய ஊருக்கு நடிகர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள்!

வேஷமாவது ஒன்றாக இருந்ததா? அதுவும் இல்லை. எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு முறை வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி ஒழுங்கு செய்ய முயன்றது. அங்கேயும் டாம், டாப் என்று இரண்டு முறைகள் பிறந்தன. இணையத் தமிழர்களோ டிஸ்கி என்ற மூன்றாவதைக் கையாண்டார்கள். நமக்கு ஒற்றுமை அவ்வளவு எளிதாக வந்துவிடுமா, என்ன?

1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழ் எழுத்துக்களுக்குச் சொந்த எண்களைக் கொடுத்திருந்தது. அதில் 'அ'வின் எண் 2949. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றுக்கும் அந்த எண் 'அ'தான். 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்றும் ஒரு கோப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வரி ஒடிகிறது, பக்கம் நகர்கிறது. அது சட்டை தொளதொளப்பது போல, பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தே மாறுவது ஆள்மாறாட்டம் அல்லவா?

நண்பரின் கோப்பில் எழுத்துருவின் பெயர் இருந்தது. மாற்றி என்னும் மென்பொருளில் இட்டதும் நாவல் முழுவதும் தமிழாகிவிட்டது. மகள் இரவெல்லாம் படித்தாளாம். பெயர் தெரியாத கோப்புகளின் கதி என்ன? எந்த முறையில் அடித்தது என்று சொல்லக்கூடியவர் ஒருவர் வேண்டும், அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவோ அத்தையோ அந்த நாளில் அடித்து வைத்த ஒரு குறுந்தகடு கிடக்கலாம். அவர்களிடம் இன்றே கேட்டு, எழுத்துருவின் பெயரை அதன் உறைமேல் குறித்து வையுங்கள். பேனாவால் எழுதுங்கள், அதைப் படிக்க எந்த மாற்றியும் வேண்டியதில்லை.