கல்முனைக் கரையும் அம்பு தைத்த அடியாரும்

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் கல்முனையை அடைகின்றது. கிழக்கே கடல், மேற்கே பரந்த வயல்வெளி. இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகின்றது, அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதை அயலூரார் அறிதல் அரிது. பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றிலே வரும். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பேசுவது தமிழே.

மருதமுனை நெசவுக்குப் பெயர்பெற்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே பாரதக் கதையைச் சடங்காகவே நடத்தித் தீமிதிப்பர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர்ச் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றுவர்.

இத்தகைய ஊர்களைப் பற்றிச் சொல்லுமிடத்து, 1625ஆம் ஆண்டில் ஒல்லாந்திலே தீட்டப்பெற்ற ஓவியம் ஒன்றை நாம் நினைப்பானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு.

அந்த ஓவியம் புனித செபஸ்தியாரைப் பற்றியது. அவர் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியனின் படைவீரராயிருந்து, கிறிஸ்தவர் என்பது வெளிப்படவே, மரத்திலே கட்டப்பெற்று அம்புகளால் எய்யப்பட்டார் என்பது மரபு. அம்புகளால் அவர் இறந்தாரல்லர். உடலை எடுக்க வந்த ஐரீன் என்னும் கைம்பெண் உயிரிருப்பதைக் கண்டு, மருந்திட்டுக் காப்பாற்றினாள். நலமடைந்தவர் ஓடி ஒளியாது மன்னன் முன் நின்று அவனது கொடுமையை இடித்துரைத்தார். அதன் பின்னரே அடித்துக் கொல்லப்பட்டார். கொள்ளைநோய்க் காலங்களிலே ஐரோப்பிய மக்கள் அவரையே துணைக்கழைத்தனர். இலங்கைக் கத்தோலிக்கரிடையேயும் அவருக்குப் பெருவழிபாடு உண்டு.

முந்திய ஓவியர் பலர் அம்புகள் தைத்து நிற்கும் அழகிய இளைஞனையே வரைந்தனர். பரோக் காலத்து ஓவியரோ ஐரீனை முன்னே கொணர்ந்தனர். உட்ரெக்ட் நகரத்து ஹென்றிக் தெர் புருகென் தீட்டிய படத்தை நாம் வகுப்பிலே மாணவர்க்குக் காட்டுவதுண்டு. மூலப்படம் இன்று அமெரிக்காவின் ஓபர்லின் நகர்க் கலைக்கூடத்தில் இருக்கின்றது. மாலை மங்கும் வேளை. செபஸ்தியாரின் உடல் வெளிறித் துவண்டு சாய்ந்திருக்கின்றது. ஐரீன் குனிந்து விலாவில் தைத்த அம்பை மெல்லப் பிடுங்குகின்றாள். பணிப்பெண் மணிக்கட்டிலுள்ள கயிற்றை அவிழ்க்கின்றாள். எய்தவர் எவரும் படத்தில் இல்லை. அம்புப் படுக்கையிலே கிடந்த பீஷ்மரை அறிந்த நம்மவர்க்கு இக்காட்சி அயலானதன்று.

சமயத்துக்காக உயிர் கொடுத்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்பதே மூலப்பொருள். கல்முனை வீடுகளிலே வழங்கும் ஷஹீது என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருளும் அதுவே. தமிழ்க் கத்தோலிக்கர் வேதசாட்சி என்கின்றனர். மும்மொழியும் ஒரே கருத்தைச் சொல்வது வியப்பன்றோ?

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டியிலுள்ள செபஸ்தியார் தேவாலயத்திலே குண்டு வெடித்து 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் கொழும்பிலே வேறு இடங்களும் அன்றே தாக்கப்பட்டன. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் நாள், அக்கூட்டத்தைச் சேர்ந்தோர் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தனர். புதிதாக வந்தோர்மீது ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. படையினர் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். குழந்தைகள் 6 பேர் உட்பட 15 பேர் இறந்தனர்.

அப்படியிருந்தும், அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குற்றமற்றோரும் தாங்கள் யார் என்பதை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

சாட்சி என்னும் சொல்லை இளைஞர்கள் இங்கேதான் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பிறரைக் கொன்று தானும் மடிபவன் எந்த உண்மைக்கும் சாட்சியாகான். கண்டதை அஞ்சாது கண்டவாறு உரைத்தவர்கள் சாய்ந்தமருது மக்கள். தம் அண்டை வீட்டிலே ஆபத்து இருப்பதறிந்தும் வாய்மூடியிராமைக்கு நெஞ்சுரம் வேண்டும். மன்னன் முன் திரும்பி நின்ற செபஸ்தியாருக்கும் அதுவே வேண்டியிருந்தது.

இவ்வழியே பயணஞ்செய்வோர் கல்முனையோடு திரும்பிவிடாமல் சாய்ந்தமருது வழியாகக் காரைதீவுவரை செல்வார்களாக. அது விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையோர ஊர்கள் யாவும் ஒருங்கே அழுதன. அலை எவர் சமயத்தையும் கேட்கவில்லை. காயத்துக்கு மருந்திடும் கையும் அதனைக் கேட்க வேண்டியதில்லை.