கூடத்தில் ஒரு சின்னக் கடல்

"மதுரையில் ஏதுங்க கடல்?" என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள். கூடத்தில், டெலிவிஷனுக்கு எதிர்ப்பக்கம், மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே இருப்பது நல்ல தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். அதில் நாங்களே கையால் செய்த பாறை. பாறை இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். இவ்வளவுதான் எங்கள் கடல். இதைக் கட்டி முடிக்க நாலரை மாதம் ஆயிற்று என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த நாலரை மாதத்தில் மீனைவிடப் பெரிய லாபம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பிறந்த வீடு தூத்துக்குடி. 2022-ல் அம்மா தவறிப்போன பிறகு, அப்பாவைத் தனியே விட மனசில்லாமல் மதுரைக்கு அழைத்து வந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து அப்பா பேசவே இல்லை. வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "காப்பி வேணுமாப்பா?" என்றால் "ம்". "கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன்" என்றால் "வேண்டாம்". டாக்டரிடம் காட்டினோம். "உடம்பில் ஒன்றுமில்லை. மனசுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்றார். எழுபத்து நாலு வயதுக்காரருக்கு நான் என்ன வேலை கொடுப்பேன்?

அந்தச் சமயத்தில்தான் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், "அம்மா, பவளப்பாறைத் தொட்டி வைக்கலாம்மா" என்று நச்சரிக்க ஆரம்பித்தான். கடையில் ரெடிமேடாக வாங்கினால் விலை எங்கள் குடும்பத்துக்குக் கட்டாது. "வீட்டிலேயே செய்யலாம்னா சரி" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பது அவர், வாளி தூக்குவது நான். எந்த வீட்டில் இல்லாத வழக்கம்!

2023 கார்த்திகையில் தூத்துக்குடி வீட்டை விற்பதற்காகப் போயிருந்தோம். கடற்கரை ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல்லோடு முருகைக்கல்லையும் வைத்துக் கட்டியிருப்பார்கள். முருகைக்கல் என்றால் வேறொன்றுமில்லை, பவளப்பாறைதான். எங்கள் கொல்லைச் சுவரும் அப்படித்தான். இடிந்து கிடந்த ஒரு பக்கத்தில் பூப்பூவாகத் துளை விட்ட கற்களைப் பார்த்ததும், என் மகன் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டான். "அம்மா, தொட்டிக்குக் கல் கிடைச்சாச்சு!"

"கீழே போடுலே!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அப்பா. ஒன்றரை வருஷத்தில் அவர் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. பையன் பயந்துபோய்க் கல்லை வைத்துவிட்டான். அப்பா அவன் தலையைத் தடவி, "வேண்டாம்யா. நான் எரிச்சது போதும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் கணக்குப் பிள்ளையாக இருந்தார். வல்லங்களில் முருகைக்கல் வந்து இறங்கும். அதை எரித்துச் சுண்ணாம்பு எடுப்பார்கள். அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகும்போது அந்தக் கல் குவியலில் ஏறி விளையாடியிருக்கிறேன். அது கல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பூச்சி கட்டிய வீடு என்று யாருக்குத் தெரியும்? உருண்டை உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் ஏறுமாம். ஒரு முழ உயரக் கல் என்றால் ஒருவர் ஆயுசில் பாதி!

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே அப்பா காளவாசலை விட்டு மளிகைக் கடை வைத்துக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் கல் எடுப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. "பாரை வெட்டினா அலையை யாரு தடுப்பா?" என்றார் அப்பா, ஊர் திரும்பும் பஸ்ஸில். அவராகவே பேசிய முதல் பேச்சு அதுதான்.

சகோதரிகள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2001-லிருந்து பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் இருக்கின்றன. உயிருள்ளதோ செத்ததோ, கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது "ரகசியமாகத் தருகிறேன்" என்றாலும் வாங்காதீர்கள்.

அப்படியானால் பாறைக்கு எங்கே போவது? வழி சொன்னது அப்பாதான். "சிமெண்டும் கிளிஞ்சலும் இருந்தா நானே செஞ்சு தாரேன்" என்றார். கோழித் தீவனக் கடையில் கிளிஞ்சல் நொறுக்கு கிடைக்கிறது. நாலு பங்கு கிளிஞ்சல், ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு கல் உப்பு. கெட்டிப் புட்டு மாவு பதத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் ரப்பர் உறை கட்டாயம்; சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும். ஈர மணலில் குழி பறித்து, அதில் கலவையை அமுக்கி, நடுநடுவே விரலால் குகைகள் செய்தோம். கொலுவுக்குப் பூங்கா கட்டின கைதானே, எனக்கு அது சுலபமாக வந்தது. உள்ளே கம்பி எதுவும் வைக்கக்கூடாது, துருப்பிடிக்கும். நாலு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, பிறகு வாளித் தண்ணீரில் முழுக வைத்தோம். கல் உப்பு கரைந்து வெளியேற, அந்த இடமெல்லாம் துளை விழுந்து, அசல் முருகைக்கல் மாதிரியே ஆகிவிட்டது!

"இப்பவே தொட்டியில போடலாமா தாத்தா?" என்றான் பையன். "பொறுய்யா. காரம் இறங்கட்டும்" என்று அப்பா ஒரு வேடிக்கை காட்டினார். ஊறிய தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டார். பளிச்சென்று ஆரத்திச் சிவப்பு! நாம் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் இதே சங்கதிதான். அந்தக் காரத்தில் மீனைவிட்டால் வெந்துபோகும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் தாத்தாவும் பேரனும் மஞ்சள் பரீட்சை நடத்துவார்கள். முதல் மாதம் முழுக்கச் சிவப்பு. ஆறாவது வாரம் ஆரஞ்சு. எட்டாவது வாரம் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இதெல்லாம் கைப்பக்குவம்தான், உறுதிக்குக் காரம் பார்க்கும் காகிதமும் வாங்கிச் சோதித்தோம்.

இதற்கிடையில் இவர் கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. கண்ணாடி வெட்டி வாங்கி, மூன்றடிக்கு ஒன்றரையடிக்கு ஒன்றரையடி என்று தொட்டி ஒட்டினார். பூஞ்சைக்கொல்லி சேர்க்காத சாதா சிலிக்கான் பசையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு, வாசலில் வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். ஒரு மூலையில் ஒழுகிற்று! மறுபடி சுரண்டி, மறுபடி ஒட்டி, மறுபடி ஒரு வாரம். கூடத்தில் வைத்து நிரப்பியிருந்தால் என் பாய், தலையணை எல்லாம் கடலாடியிருக்கும். பாறை, தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் வரும். உறுதியான இரும்பு ஸ்டாண்டில், சுவரோரமாக, சின்னக் குழந்தைகள் இழுக்க முடியாதபடி வையுங்கள்.

அடுத்தது உப்பு. நம் சமையல் உப்பு ஆகாது. கடல் நீரில் சோடியம் மட்டுமில்லை; மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. அதற்கென்று விற்கும் கடல் உப்புத் தூளை வடிகட்டி இயந்திரத் தண்ணீரில் கரைக்க வேண்டும். லிட்டருக்கு சுமார் 35 கிராம். எங்கள் தொட்டிக்கு 150 லிட்டர் பிடித்தது, ஐந்தரைக் கிலோ உப்பு. பதம் பார்க்க ஒரு மானி இருக்கிறது. அதில் 1.025 காட்ட வேண்டும்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். நாலு நாளில் தண்ணீர் இரண்டு விரற்கடை வற்றிவிட்டது. அந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே கரைத்து ஊற்றினேன். மானியில் உப்பு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அப்பா சிரித்தார். "ஏம்மா, குழம்பு சுண்டினா உப்பா போடுவே?" தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். இருபத்தைந்து வருஷம் குழம்பு வைத்தவளுக்கு இது தெரியவில்லை பாருங்கள்! நல்ல வேளை, அப்போது மீன் விடவில்லை.

மீன் விடுவதற்கு முன்னால் தண்ணீர் பழுக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற வேண்டும். இட்லி மாவு புளிப்பது போலத்தான், அவசரப்படுத்த முடியாது. ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டோம். (மூக்கைப் பிடித்துக்கொண்டேன்!) ஏற்கெனவே கடல் மீன் வளர்க்கும் ஒருவரிடமிருந்து பழைய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று வாங்கி உள்ளே போட்டோம். அது உறை மோர் மாதிரி. இருந்தும் ஆறு வாரம் ஆகும் என்றார் அவர்.

மூன்றாவது வாரம் என் மகனுக்குப் பிறந்த நாள் வந்தது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்து இருந்தது. "ஒரே ஒரு மீன்" என்று கெஞ்சினான். இவரும் மனசு இளகி, நீல நிறத்தில் ஒரு குட்டி மீனை வாங்கி வந்துவிட்டார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலை அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அப்புறம்தான் சோதனை மருந்தை விட்டுப் பார்த்தோம். அம்மோனியா காட்டிற்று. பையன் அன்று சாப்பிடவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்பாதான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். "நீ ஒரு மீனுக்கு அழுறே. நான் பதினாலு வருஷம், இத்தனை வல்லம் கல்லுன்னு தினமும் எழுதினேன்யா. ஒரு நாளும் அழல. உங்க ஆச்சி மட்டும், அதுவும் உசிருதானேன்னு ஒருநாள் கேட்டா. அதுக்கப்புறம்தான் விட்டேன்" என்றார். அம்மா சொல்லித்தான் அவர் வேலையை விட்டார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி இல்ல. இனிமே சோதிச்சுட்டு விடுவோம், எந்திரி" என்று அவனைக் கைபிடித்து எழுப்பி, சாப்பிட வைத்தார். அம்மா போனதிலிருந்து அவர் அம்மா பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான்.

பங்குனியில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். இரண்டு கோமாளி மீன் வாங்கினோம். கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் பொரித்த குஞ்சுகள். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். இந்த மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் பிறக்குமாம். இரண்டில் பெரியது பெண்ணாக மாறி, வீட்டை ஆளும். முட்டைகளைக் காத்து விசிறிவிடுவது அப்பா மீன்! இதைப் படித்துச் சொன்னதும் இவர் ஏன் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

2024 சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரிக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்து, மேலே ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். இரண்டு டிகிரி இறங்கியது. அதே மாதம்தான், உலகம் முழுக்கக் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுக்கின்றன என்று செய்தி வந்தது. பவளப்பூச்சியின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. சூடு ஏறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து சாகும். நம் மன்னார் வளைகுடாவிலும் 2010-லும் 2016-லும் இப்படி நடந்திருக்கிறது. "கடலுக்கு யாரும்மா ஃபேன் போடுறது?" என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் தூத்துக்குடிக் கடலில் சிமெண்ட் சட்டங்களை இறக்கி, அதில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள் என்று படித்துக் காட்டியபோது அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வான் தீவுப் பக்கமா?" என்று விசாரித்தார். அலையைத் தடுக்க அங்கே செயற்கைப் பாறைகளும் இறக்கியிருக்கிறார்கள். "அப்போ நம்ம செஞ்சதைத்தான் அவங்க பெரிசா செய்றாங்க" என்று பேரனிடம் பெருமையாகச் சொன்னார்.

தொட்டி வைக்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு இன்னும் சில வார்த்தை. மின்சார ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறும்படி விடுங்கள். சொட்டும் நீர் பிளக்குக்குப் போகாது. தொட்டியில் கையை விடும் முன் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் போனால் ஓட பாட்டரி காற்று பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். கையில் சோப்பு இருந்தால் தொட்டியைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாதீர்கள்.

எங்கள் வீட்டில் உப்பு, சூடு, தண்ணீர் மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். எழுதுவது அப்பா. அதே கணக்குப் பிள்ளைக் கையெழுத்து, குண்டு குண்டாக. காலையில் நான் காப்பி கொண்டுபோனால், நாற்காலி இப்போது வாசல் பக்கம் இல்லை, தொட்டி பக்கம் திரும்பியிருக்கிறது. "இன்னிக்கு 28 டிகிரி, ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டாங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தம்ளரை வாங்குகிறார்.