ஓதம் ஏறிய சுவர்

ஐப்பசி அடைமழை பிடித்தால் எங்கள் வீட்டு வடக்குச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அம்மாவுக்கு வீசிங் உண்டு. அந்த அறையில் படுத்தால் இரவெல்லாம் இருமுவார். மார்கழிப் பட்டத்துக்கான விதைக்கடலை மூட்டைகளும் அங்கேதான். கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். மாட்டுக்குக்கூடப் போட முடியாது.

பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? ஓட்டுத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் விழுந்தது. சாணக்குழியும் ஒட்டியே இருந்தது. ஓட்டு விளிம்பில் தகரம் வளைத்துக் கட்டி, தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினோம். குழியைத் தள்ளி வெட்டினோம். சுவரோரம் ஏறியிருந்த மண்ணை வழித்து, வெளிப்பக்கம் வாட்டம் வைத்தோம்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும். மூக்கில் துணி கட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் அதோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். தை பிறந்து சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பெயின்ட் உள்ளே அடைத்து வைக்கும்.

மூட்டைகள் இப்போது பலகைமேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி. இந்தக் கார்த்திகையில் அடியில் ஒரு சாண் உயரம்தான் ஓதம் தெரிந்தது. அம்மா அந்த அறையிலேயே படுக்கிறார்.