மூடியைத் திறந்தால் தெரிய வேண்டும்

மதுரையில் உட்கார்ந்து கிட்டாருக்கு எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட் பெட்டி செய்கிறேன் என்று சொன்னால், "இதையெல்லாம் இங்க யாருண்ணே வாங்குறா?" என்றுதான் முதல் கேள்வி வரும். வாங்குகிறார்கள். மெல்லிசைக் குழுக்காரர்கள் வாங்குகிறார்கள், தேவாலயங்களில் பாடல் குழுவுக்கு வாசிக்கும் பையன்கள் வாங்குகிறார்கள். இவர்கள் எல்லாரையும்விட மைக்செட்காரர்கள் அதிகம் வாங்குகிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கம் ஊரில் முளைப்பாரி எடுத்தால் ஒரு ராத்திரி மேடைக் கச்சேரி இருக்கும். கச்சேரி என்றால் ஒரு கிட்டார் இருக்கும். அந்தக் கிட்டாரின் ஒலி மைக்செட்காரரின் மிக்ஸருக்குள் நுழைந்துதான் ஊருக்குப் போயாக வேண்டும்.

நான் செய்வது காலடியில் வைத்து மிதிக்கும் பெடல் இல்லை. ரேக்கில் ஏற்றித் திருகும் பெட்டி. முகப்பின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரம் 'ஒரு யூ', 44.45 மில்லிமீட்டர். இந்த அளவு தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்டுடியோவிலும் கம்ப்யூட்டர் அறையிலும் இதே அளவுதான். 1980-களின் நடுவில் யமஹாவின் எஸ்பிஎக்ஸ் 90, டென்மார்க்கின் டிசி எலக்ட்ரானிக் செய்த 2290 போன்ற ரேக் கருவிகள் வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக் கிட்டார்காரர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். பிறகு பெடல் திரும்பி வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் மென்பொருள் வந்தது. அங்கே ரேக்கின் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். மைக்செட்காரரின் மரப்பெட்டியில் அது முடியவில்லை. அவருடைய ஆம்ப், கிராஸ்ஓவர், ஈக்வலைசர் எல்லாம் ஏற்கெனவே அந்த 19 அங்குலத்தில் அமர்ந்திருக்கின்றன. மேடையில் நடனக்காரர்கள் ஓடுவார்கள், மாலை விழும், தண்ணீர் பாட்டில் உருளும். அங்கே ஒரு ஃபுட் சுவிட்ச் மட்டும் இருந்தால் போதும், பெட்டி பின்னால் பத்திரமாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

கிட்டாரை நேராக மிக்ஸரில் சொருகினால் ஒலி மங்கிப்போவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பிக்கப் என்பது மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய காயில். அதிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது; எதிரே இருக்கும் கருவி கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் மேல்ஸ்தாயியின் பளபளப்பு போய்விடும். அதனால் என் பெட்டியின் வாசலில் முதலில் நிற்பது ஒரு டிஎல் 072 ஐசியும் ஒரு மெகாஓம் ரெசிஸ்டன்ஸும். வாங்க வருகிறவர் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை வாசித்துப் பார்க்காமல் போகமாட்டார். 1982-ல் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார்தான் இன்றைக்கும் எங்கள் பக்கத்து மேடைகளின் உரைகல். அந்த விரல்நுனி ஓசை ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிர வேண்டும். குழைந்துவிட்டால் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

எதிரொலி வரவழைப்பது இந்தத் தொழிலில் எளிய வேலை. ஹம் வராமல் செய்வதுதான் வேலை. 44 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்க வேண்டும், பலவீனமான கிட்டார் சிக்னலும் நுழைய வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி காந்தப்புலம் கசிந்துகொண்டே இருக்கும். அதை இன்புட் ஜாக்கிலிருந்து எட்டிய மூலையில் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கரண்ட் ஓடும்போதே மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். 'உம்' என்ற ஓசை ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் பிறகுதான் தகட்டில் துளை போடுவது. இதோடு முடிந்துவிடாது. ஊரில் அலங்காரத்துக்கு சீரியல் செட் போட்டிருப்பார்கள். அந்த பல்புகளை விட்டுவிட்டு எரியவைக்கும் கண்ட்ரோலர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டு ஒவ்வொன்றும் லைன் வழியாக வந்து ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று உறுமும். மெயின்ஸ் நுழையும் இடத்தில் ஃபில்டர் இல்லாத பெட்டி கிராமத்து மேடைக்கு ஆகாது.

இந்த ஹம்முக்குப் பயந்து சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஹம் நிற்கும், உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் எங்காவது மெயின்ஸ் கசிந்தால் அது கிட்டார் கம்பி வரை வந்து நிற்கும். வாசிப்பவர் பாடவும் செய்தால், மைக்கில் உதடு படும்போது உடல் வழியாகப் பாயும். உயிர் போகிற விஷயம். செய்ய வேண்டியது வேறு: எர்த் வயரைத் தொடாமல், சிக்னலின் கிரவுண்டை மட்டும் தனியாக ஓர் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்துக் கொடுப்பது. அதற்கென்று பின்பக்கம் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். இதற்காகும் கூடுதல் செலவை விலையில் ஏற்றியே தீருவேன், அதில் பேரம் கிடையாது.

வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே, ஓடிக்கொண்டிருக்கும் பவர் ஆம்புக்கு மேலே என் பெட்டி இருக்கும். ஃபில்டர் கண்டென்சரின் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலின் பழைய விதி. 85 டிகிரிக் கண்டென்சர் சில ரூபாய் மலிவு. அந்த மலிவு இரண்டு திருவிழாவுக்குப் பிறகு ஹம்மாகத் திரும்பி வரும். 105 டிகிரி போடுவதே புத்தி.

வியாபாரக் கணக்கு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐசியும் கண்ட்ரோலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ் பார்சலில் மாட்டுத்தாவணிக்கு வரும். தகடு வளைப்பதும் பவுடர் கோட்டிங்கும் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம். ஒன்றிரண்டுக்கு யாரும் மெஷினை ஓட்டமாட்டார்கள், மொத்தமாகக் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் பெட்டி விற்பதற்கு முன்பே பணம் தகட்டில் முடங்கிவிடும். வாங்குகிறவரோ, "திருவிழா முடியட்டும்ணே, கணக்க முடிச்சிருவோம்" என்பார். அவருக்கு ஊர்க் கமிட்டி பணம் கொடுத்தால்தான் எனக்கு வரும். இந்தச் சங்கிலியில் யாரையும் குறை சொல்ல முடியாது. மார்கழியிலிருந்து ஆடி வரை சீசன், மிச்ச மாதங்களில் ரிப்பேர்தான் சோறு போடுகிறது.

அந்த ரிப்பேரைப் பற்றித்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரோ எங்கோ செய்த எக்கோ பெட்டி பழுதாகி என் மேஜைக்கு வரும். மூடியைக் கழற்றினால் தூசி, வறண்ட ஒரு பல்லி, நடுவில் ஐசி. அதன் தலையில் இருக்க வேண்டிய எண் இருக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். தன் சர்க்யூட்டை இன்னொருவன் காப்பியடித்துவிடக் கூடாதாம். நான் மல்டிமீட்டரை எடுப்பேன். பதினாறு கால். முதல் காலில் 5 வோல்ட். இரண்டாவது காலில் அதில் பாதி. ஆறாவது காலிலிருந்து ஒரு கம்பி 'டைம்' கண்ட்ரோலுக்குப் போகிறது. அவ்வளவுதான், ரகசியம் வெளியே வந்துவிட்டது. அது பிடி 2399. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனத்தின் ஐசி. உள்ளே 44 கிலோபிட் நினைவகம். சுமார் 30 மில்லிசெகண்டிலிருந்து 340 வரை ஒலியைப் பிடித்துவைத்துத் திருப்பித் தரும். உலகம் முழுக்கப் பல கரோக்கிப் பெட்டிகளில் எதிரொலி தருவது இதுதான். அதன் தகவல் தாளிலேயே எக்கோ சர்க்யூட் முழுவதும் படமாகப் போட்டிருக்கிறது. ஊருக்கே கொடுத்த ஒன்றைத் தன்னுடையது என்று மறைத்து என்ன பயன்?

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பில் ஃபின்னகன் என்பவர் 1994-லிருந்து க்ளான் சென்டார் என்றொரு பெடலைத் தன் கையாலேயே செய்து விற்றார். மொத்தம் ஏறத்தாழ 8000. சர்க்யூட் தெரியாமலிருக்க, போர்டின் மேல் எபாக்ஸி ஊற்றி மூடினார். ஆர்வலர்கள் அதைப் பொறுமையாக உரித்தெடுத்து வரைபடமாக்கிவிட்டார்கள். இன்று அதன் நகல்கள் எத்தனையோ கம்பெனிகளிடம் கிடைக்கின்றன. அப்படியும் அவர் கையால் செய்த அசல் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. எபாக்ஸி நகலைத் தடுக்கவில்லை, நகல் அசலைக் கெடுக்கவும் இல்லை. வாங்கியவர்கள் மதித்தது அந்த மனிதரின் கையையும் காதையும். பெங்களூரில் ஹெச்.ஏ.எல். பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ்நாராயண் தொடங்கிய ரேடல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புராவை எண்ணிப் பாருங்கள். சுருதி எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரு வித்வானே பொறியாளராகவும் இருந்ததால் அது கச்சேரி மேடை ஏறியது. அந்தக் காதை எந்த உப்புத்தாளாலும் மறைக்கவும் முடியாது, திருடவும் முடியாது.

எண்ணைத் தேய்ப்பதால் நகலடிப்பவனுக்கு நஷ்டம் கொஞ்ச நேரம். உண்மையான நஷ்டம் வேறொருவருக்கு. உசிலம்பட்டியில் ஒரு மைக்செட்காரர், சாயங்காலம் ஆறு மணி, மேடை போட்டாகிவிட்டது, பெட்டி ஊமையாகிவிட்டது. மதுரைக்கு வந்து திரும்ப நேரமில்லை. பக்கத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அந்த ஐசியின் எண் தெரிந்தால், அது பேஸில் சொருகியிருந்தால், பழசைப் பிடுங்கிப் புதிதைச் சொருகி அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். எண் இல்லாவிட்டால் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், கிட்டார்காரர் எதிரொலி இல்லாமல் வெற்றாக வாசிப்பார். அடுத்த தடவை அந்த மைக்செட்காரர் யாரிடம் வாங்குவார்? இறக்குமதிப் பெட்டிக்கே போய்விடுவார். உள்ளூரில் செய்வதன் ஒரே பலம், கெட்டால் உள்ளூரிலேயே சரியாகும் என்பது. அதை நாமே தேய்த்து அழித்துவிட்டு, சீனப் பொருள் வந்து நம் தொழில் போய்விட்டது என்று புலம்புவது நியாயமில்லை.

என் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படத்தை ஒட்டியிருக்கிறேன். எந்தெந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். "இப்புடிக் குடுத்தா அவனே செஞ்சுக்குவானேண்ணே" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கவலைப்பட்டான். ஒருவர் செய்துகொண்டால் செய்துகொள்ளட்டும். டிரான்ஸ்ஃபார்மரை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று அவரும் ஹெட்போன் மாட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் நம் பக்கத்தில் நல்ல பெட்டி செய்கிறவர் இன்னொருவர் சேர்ந்தார். மதுரைக்கு அது தாங்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐசிக்குப் பேஸ் போடுங்கள். 105 டிகிரிக் கண்டென்சர் போடுங்கள். எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்லி யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள். உப்புத்தாளைப் பெட்டியின் முகப்பைத் தேய்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐசியின் எண்ணை விட்டுவிடுங்கள்.