மலையைச் சுற்றிய மோட்டார்

திருவண்ணாமலையில் பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்களே அதிகம். மலைக்கு மேற்கே, வருண லிங்கத்தைத் தாண்டியதும் வரும் அடி அண்ணாமலையில் நின்று நிதானிப்பவர்கள் சிலரே. ஆதி அருணாசலேசுவரர் ஆலயமும் மாணிக்கவாசகர் சந்நிதியும் அங்கே இருக்கின்றன. நாங்கள் போனது என்னவோ ஒரு மோட்டாரின் சுவடு தேடி!

எங்கள் பாட்டனார் 1929-இல் வாங்கியது பேபி ஆஸ்டின். 1922-இல் இங்கிலாந்தில் அவதரித்த ஜாதி அது; எஞ்சின் 747 கன சென்டிமீட்டர்தான். இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றுக்கே அதைவிடப் பெரிய எஞ்சின் உண்டு. கித்தான் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் ஆகாயந்தான் கூரை. ஆல்பத்தில் ஆறு படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் முதுகில் “மாசி, 1936, அடி அண்ணாமலை” என்று மையெழுத்து.

அந்தப் படத்தின் கதையைத் தகப்பனார் பலமுறை சொல்லியிருக்கிறார். மலையே சிவமாயிருக்க, அதை உட்கார்ந்துகொண்டா சுற்றுவது என்று பாட்டி இறங்கி நடந்துவிட்டாள். பாட்டனாருக்கோ மனைவியையும் விட மனமில்லை, வண்டியையும் விட மனமில்லை. எட்டரை மைலும் பின்னாலேயே ஊர்ந்தார். அந்த எஞ்சினில் நீரைச் சுழற்றப் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் குளிர்ந்து இறங்க வேண்டும். வண்டி விரைந்தால் எதிர்காற்று குளிர்விக்கும். பாட்டியின் நடைக்கு ஏது எதிர்காற்று? அடி அண்ணாமலை வந்ததும் ஆவி சீறிற்று. கிணற்றிலிருந்து சொம்பு சொம்பாக நீர் கொணர்ந்து ஊற்றியவளும் பாட்டிதான்! (இன்று பௌர்ணமி இரவுகளில் அந்தச் சாலையில் மோட்டாருக்கு இடமில்லை, பாட்டியின் கட்சியே ஜெயித்தது.)

படத்தைக் கையில் பிடித்து நாங்கள் அந்த இடத்தைத் தேடினோம். அருணாசலம் அடிக்கு அடி உருவம் மாறும் மலை. ஆகவே முகட்டின் கோடு பொருந்தும் இடமே படம் எடுத்த இடம். படத்து மலை மொட்டைப் பாறை. எண்பதுகளிலிருந்து பலர் நட்டு வளர்த்த மரங்களால் நேரே நிற்பது பசுமலை. இருந்தும் கோயிலுக்குச் சற்று வடக்கே கோடு பொருந்திவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்களெல்லாம் கரிவாயுவில் ஓடிய நாளில், பாட்டனார் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. 2021-இல் மத்திய சர்க்கார் ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று தனி விதி வகுத்தது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள். முன்பே பதிவானது தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே எங்கள் பேபி எங்கேனும் உயிரோடிருந்தால் அதே எண்ணைத் தாங்கியிருக்கக்கூடும்.

அந்த எண் எது? ஐந்து படங்களில் குழந்தைகள் பலகையை மறைத்து நிற்கிறார்கள். ஆறாவதில், சொம்பும் கையுமாகப் பாட்டி. அவள் முந்தானைக்கு வெளியே கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன: 4, 7. நேயர்கள் எவர் வீட்டுக் கொட்டகையிலாவது அப்படி முடியும் பழைய பேபி ஆஸ்டின் தூங்குமானால், தயவுசெய்து தூசி தட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.