ஏலும், ஏலாது

எங்கள் பகுதியில் உடற்குறையுள்ள பிள்ளையை 'ஏலாத புள்ள' என்பார்கள். இளகிய மனதோடு சொல்லப்படுவதுதான். அரச ஆவணங்கள் 'அங்கவீனர்', 'வலது குறைந்தோர்', 'விசேட தேவையுடையோர்' என்று காலத்துக்கொரு பெயர் வைத்துப் பார்த்துவிட்டன. விண்ணப்பப் படிவத்தின் குணம் மட்டும் மாறவில்லை. உனக்கு என்ன ஏலாது என்று கேட்கும். என்ன ஏலும் என்று கேட்காது.

கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஊராரின் கடிதங்களை எழுதிக் கொடுப்பதும் உத்தியோகத்தில் ஒரு பாதி. 2022ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையில் (நடந்ததென்னவோ 2023இல்) கலைப் பிரிவில் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான என் மாணவன் ஒருவன், ஒரு கோவை நிறையக் கடதாசிகளோடும் உம்மாவோடும் வீட்டுக்கு வந்தான். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றக் கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டும் தெரியும், அதுவும் தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால்.

"வாசிக்கிறவங்களுக்கு இரக்கம் வாறமாதிரி எழுதுங்க சேர்" என்றார் உம்மா.

முதலில் பணத்துக்கான விண்ணப்பம். மஹபொல அப்போது மாதம் 5,000 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். அது பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்க்கிற உதவி. இவன் செலவோ பார்வைக் குறைவால்தான் ஏறுகிறது. மற்றப் பிள்ளை ஏ-4 தாளில் ஒரு பக்கம் போட்டோப்பிரதி எடுத்தால், இவனுக்கு அதையே ஏ-3 தாளில் பெருப்பித்து இரண்டு மூன்று பக்கமாக எடுக்க வேண்டும். பாதை பழகும்வரை கூடப் போகிறவருக்கும் பஸ் காசு. ஓர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு முந்தியதென்று திருப்பி அனுப்பினார்கள். பிறவியில் இல்லாத பார்வை ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று அங்கே யாரோ துஆச் செய்துகொண்டிருக்கிறார்கள் போலும்.

பணத்தை விடச் சிக்கலாக இருந்தது படிப்புக்கான உதவி. அதற்கு அவனிடம் படிவம் எதுவும் இருக்கவில்லை. பீடாதிபதிக்குக் கடிதம்தான் எழுதவேண்டும். நான் வழமையான பாணியில் 'எதற்கும் இயலாத, தங்கள் கருணையை நாடி நிற்கும்' என்று தொடங்கி வாசித்துக் காட்டினேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"அப்பிடி எழுத வேணாம் சேர். இண்டைக்கு ஏலாது எண்டு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்குப் பாடம் தெரிவு செய்யக்குள்ள அந்தக் கடிதத்தையே காட்டி ஏலாது எண்டுவாங்க."

உம்மா அவனைக் கண்டித்தார். கேட்கப் போகும் இடத்தில் இப்படியா பேசுவது என்று அவருக்கு. எனக்கோ எழுதவேண்டியது பிடிபட்டுவிட்டது. உயர்கல்வியில் நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டுமென்று கூறும் ஐ.நா. சமவாயத்தை எமது நாடு 2016இல் ஏற்றுக்கொண்டது. கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு கூடாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. கருணைக்கு அங்கே வேலை இல்லை. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். வினாத்தாள் பெரிய எழுத்தில் வேண்டும். எழுத மேலதிக நேரம் வேண்டும். விரிவுரைக் குறிப்புகள் படமாக இல்லாமல், யுனிகோட் எழுத்தில் வேண்டும்.

கடைசிக் கோரிக்கை எனக்கே புதிது. அவன் கணினியில் என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும். பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கியது, விலையில்லாதது. ஆனால் எம்மவர்கள் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வார்கள். பாமினி ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது, கண்ணுக்குத்தான் தமிழ். 'உம்மா' என்று திரையில் இருந்தால் அவன் காதில் 'சீ, கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று விழும். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு, "ஒரு பாடப்புத்தகம் முழுக்க இப்பிடித்தான் சேர்" என்றான்.

எங்கள் மிம்பர்களில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் சம்பவம் அடிக்கடி சொல்லப்படுகிறது. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் அந்தப் பார்வையற்ற தோழர் வந்ததும், ஸூரா அபஸ அருளப்பட்டதும் நாமறிந்ததே. ஏழைகளுக்கு இரங்குங்கள் என்று முடித்து, ஸதகாப் பெட்டியைச் சபைக்குள் அனுப்புவார்கள். அவர் பொருள் கேட்டு வரவில்லை, கற்றுத் தரும்படி கேட்டு வந்தார் என்பதை அழுத்திச் சொன்ன குத்பாவை நான் கேட்டது மிகக் குறைவு.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவனே நேரில் போய்க் கேட்டான். மேலதிக நேரம் கிடைத்தது. பெரிய எழுத்து வினாத்தாள் இரண்டாம் அரையாண்டில் கிடைத்தது. மஹபொலவின் முதல் தவணை, கடன்பட்டுப் பல மாதம் படித்த பிறகு வந்தது. குறிப்புகளை ஒரு விரிவுரையாளர் மட்டும் யுனிகோடுக்கு மாற்றித் தருகிறார். மற்றவை இன்னமும் கைப்பேசியில் எடுத்த படங்களாகவே வருகின்றன. அவற்றை ஊரிலிருக்கும் தங்கச்சிக்கு அனுப்பிவிடுகிறான். இரவில், உம்மா தூங்கிய பின், அவள் அரசறிவியலைச் சத்தமாக வாசித்துக் குரற்பதிவாகத் திருப்பி அனுப்புகிறாள். அவளுக்கும் உயர்தரப் பரீட்சை வருகிறது. அரசறிவியலையே ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள்.